மனை பார்க்குமுன் மழையைப் பாருங்கள்!

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பொறியாளனாக முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோதான். ஆனால் மண்ணும் தண்ணீரும் ஒன்றையொன்று என்ன செய்யும் என்பதை மழையில் நனைந்து கற்றுக்கொண்டவன். முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கத் துடிக்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 1994இல் பாலக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது ஆறு சென்ட் இடம் வாங்கினேன். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மைதானம் போலக் கிடந்தது. விலையும் சகாயம். ஆனி மாதம் போய்ப் பார்த்தால் முழங்கால் தண்ணீர்! ஆதாரத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'நிலம்' என்று எழுதியிருந்தது. நமக்கு நிலம் என்றால் எல்லா மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீட்டுக்கு உகந்த மேட்டு மண்ணுக்குப் 'புரயிடம்' என்று பெயர். 2008இல் நெல்வயல், ஈர நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பிடி இன்னும் இறுகிவிட்டது. இன்றும் அந்த ஆறு சென்டில் புல்தான் முளைக்கிறது. ஒரு சொல்லின் பொருள் கேட்காததற்கு நான் கொடுத்த விலை அது.

வெயிலில் பார்த்த வீடு

இனி சாந்தன்பாறைக் கதை. என் தங்கை போடியிலிருந்து கல்யாணமாகி அங்கே போனவள். அவளும் மாப்பிள்ளையும் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. குடியிருந்தது எஸ்டேட் லயத்தில். தோட்டத் தொழிலாளிக்கு வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பது உங்களில் பலருக்கும் தெரிந்த வேதனை. 2022இல் இருவரும் ஓய்வு பெறும் நேரம். பி.எப்., கிராஜுவிட்டி, அவள் கழுத்து நகை எல்லாம் சேர்த்து ஒரு வீடு வாங்கவேண்டும். "அண்ணே, ஒரு வீடு அமைஞ்சிருக்கு. நீ வந்து பாத்துட்டுச் சொன்னா அட்வான்ஸ் குடுத்துருவோம்" என்று போன் செய்தாள்.

ஐப்பசி மாதம் போனேன். கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்து வட்டாரமே ஜனத்திரளாக இருந்தது. காலை பத்து மணி வெயிலில் தரகர் வீட்டைக் காட்டினார். ரோட்டோரம், புது ஓடு, கிணறு, எதிரே மலைக்காட்சி. "பட்டா மட்டும் கொஞ்சம் பாக்கி, பின்னால் கிடைத்துவிடும். இனி டூரிஸ்ட் வருவாங்க, விலை இரட்டிப்பாகும்" என்றார். தங்கை முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

மழை சொன்ன சேதி

மாலை மூன்று மணிக்கு இடியோடு மழை பிடித்தது. குடையோடு மறுபடி போனேன். ரயில்வேயில் மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து ஆள் நடத்துவோம். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதையே நானும் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். மேலே தண்ணீரைத் திருப்ப வடிகால் இல்லை. தாங்குசுவரில் நீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் இல்லை. மேட்டில் மரங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன. சுவரடியில் செம்மண் கலங்கிய ஊற்று கசிந்தது. தெளிந்த தண்ணீர் வந்தால் மண் நிற்கும். கலங்கி வந்தால் மண்ணும் கூட வருகிறது என்று அர்த்தம்.

மூணாற்றுக்கும் டாப்ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோனது; திரும்ப வரவே இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து எழுபது உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அந்த நினைவோடுதான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபீஸும் அக்கம்பக்கமும்

மறுநாள் வில்லேஜ் ஆபீஸ். கேட்கவேண்டியவை இவை: பட்டா யார் பெயரில், எந்தச் சட்டத்தின் கீழ்? கரம் கட்டிய ரசீது இந்த வருடத்தியதா? கைவசச் சான்று உண்டா? சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் பார்த்தாயிற்றா? 1964ஆம் ஆண்டு விதிகளின் கீழ் தந்த பட்டா விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும்தான். அதில் கடை, லாட்ஜ் கட்டியது பெரும் வழக்காகி, 2023இல் சட்டசபை சட்டத்தையே திருத்தியது. சில பட்டாக்களை இத்தனை வருடம் விற்கக்கூடாது என்றும் நிபந்தனை உண்டு. மூணாறு வட்டாரத்தில் சாந்தன்பாறை உட்பட எட்டு வில்லேஜ்களில், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, கட்டடம் கட்ட வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றானது. நம் மனைக்கு இப்போது எது பொருந்தும் என்பதை வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் சொன்ன 'பின்னால் கிடைக்கும்' பட்டா என்னவாயிற்று தெரியுமா? ஏலமலைக் காட்டு நிலங்களுக்குப் புதிதாகப் பட்டா தர 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அன்றிரவு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரரிடம் மூன்றே கேள்வி. கோடையில் கிணறு வற்றுமா? ராத்திரி பிரசவ வலி என்றால் வண்டி வருமா? ஆனை வருமா? "ஆனை வாரத்துல ரெண்டு நாள் இந்த வழிதான்" என்றார். ரேஷன் கடையையும் வீடுகளையும் அரிசிக்காக உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுபோனார்கள். ஒரு ஆனை போனதால் ஆனைப்பாதை போய்விடாது.

முடிவு

வேண்டாம் என்றேன். தங்கை இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உனக்குப் பென்ஷன் இருக்கு, சொல்லிட்டுப் போயிருவ. லயத்தைக் காலி பண்ணச் சொன்னா நாங்க எங்க போறது?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆறு மாதம் வாடகைக்கு இருந்தார்கள். பிறகு மூன்று கிலோமீட்டர் தள்ளி, சாய்வு குறைந்த இடத்தில், பழைய பட்டாவோடு நான்கு சென்டும் சின்ன வீடும் கிடைத்தது. ஓடு ஒழுகியது, மாற்றினோம். கக்கூஸ் இல்லை, கட்டினோம்.

முதலில் பார்த்த அந்த வீடு விழவில்லை. இன்றும் நிற்கிறது, யாரோ குடியிருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் மழை இரவுகளில் என் தங்கை விழித்துக் கிடக்கவேண்டியதில்லை. அவளே ஒருநாள், "அண்ணே, நேத்து நல்ல மழை. விடியற வரைக்கும் தூங்கிட்டேன்" என்று போனில் சொன்னாள். எனக்கு அது போதும்.

அன்பர்களே! வீட்டைத் திருத்தலாம், இடத்தைத் திருத்த முடியாது. எனவே ஒரு முறை வெயிலில், ஒரு முறை மழையில், ஒரு முறை இரவில் பாருங்கள். நான்காவது முறை வில்லேஜ் ஆபீஸில் பாருங்கள். அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.