எல்லைக் கல்லும் ஆகாயக் கடியாரமும்

கடலூர், சிதம்பரம் தாலூகாக்களின் நஞ்சை மிராசுதாரர்களுக்கு வரப்புத் தகராறு புதிதன்று. வெள்ளம் வடிந்தபின் வரப்பு கரைந்து போவதும், எல்லைக் கல் வண்டலில் மறைந்து போவதும் கொள்ளிடக் கரையில் உண்டு. முன்னாளில் சங்கிலி பிடித்து அளந்து தீர்த்த இவ்வழக்குகளை இப்பொழுது கைப்பேசி கொண்டே தீர்த்துவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். அதற்கு முன்னர், அக்கருவி இடத்தை அறியும் விதத்தைத் தெரிந்துகொள்ளுதல் நலம்.

காலமே அளவுகோல்

அக்கருவி உண்மையில் அளப்பது காலத்தையே. செயற்கைக் கோள் தன் கடியாரப்படி மணியைக் குறித்து அலைகளை அனுப்புகிறது. அவை வந்து சேரத் தாமதித்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. அலைகள் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்வன. ஆதலால் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் ஓரடி பிழைக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீட்டர் பிழைக்கும். கையிலுள்ள கருவியின் கடியாரம் மலிவானது. ஆகவே இடத்தை அறிய மூன்று கோள்களும், அக்கடியாரத்தின் பிழையை அறிய நான்காவது கோளும் வேண்டும்.

நம் நாட்டுக் கடியாரம்

கோள்களில் வைக்கப்படும் ருபீடியக் கடியாரம், விநாடிக்கு 683 கோடிக்கு மேற்பட்ட அணு அதிர்வுகளை ஆதாரமாகக் கொண்டது. 2013 ஜூலை 1-இல் ஏவப்பெற்ற நம் நாட்டின் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ கோளில் ஐரோப்பாவிலிருந்து வாங்கிய மூன்று கடியாரங்கள் இருந்தன. மூன்றும் பழுதுற்றதால் அக்கோள் இடங்காட்டும் பணிக்கு உதவாமற் போயிற்று. அதற்குப் பதிலாக 2017 ஆகஸ்டு 31-இல் அனுப்பிய கோள் கவசத்தினின்று வெளிப்படவில்லை. 2018 ஏப்ரல் 12-இல் அனுப்பியதே பாதையை அடைந்தது. பின்னர் ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய முதல் உள்நாட்டு ருபீடியக் கடியாரம், 2023 மே 29-இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து என்.வி.எஸ்.-01 கோளில் சென்றது.

கவனிக்க வேண்டியவை

இத்தகைய கடியாரங்கள் இருந்தும், திறந்த வெளியில் கைப்பேசி காட்டும் இடம் 5 மீட்டர் வரை விலகக் கூடும். தென்னந்தோப்பிலும் கட்டடங்களின் அருகிலும் இன்னும் விலகும். கடலூர் முதுநகரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் செல்லும் படகுக்கு இது பெரிதன்று. 50 மீட்டர் நீள வரப்புக்கோ, 5 மீட்டர் விலகல் ஆறு சென்டுக்கு மேற்பட்ட நிலமாகும்.

நில அளவர் கையாளும் முறை வேறு. இருப்பிடம் திட்டமாகத் தெரிந்த ஓரிடத்தில் ஒரு கருவியும், வயலில் மற்றொன்றும் ஒரே வேளையில் இயங்கும். கோளின் கடியாரப் பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால், ஒன்றையொன்று கழிக்க அது நீங்கும்; அளவு சில சென்டிமீட்டருக்குள் அமையும்.

ஆகவே கைப்பேசிக் கணக்கை நம்பி வரப்பை வெட்டுதலும் கல்லைப் பெயர்த்தலும் தகா. சம்பா அறுவடைக்குப்பின் வயல் தெளிவாயிருக்கையில் முறைப்படி அளவைக்கு விண்ணப்பித்து, இரு பக்கத்தாரும் உடனிருந்து, புலப்படத்துடன் ஒப்பிட்டுக் கல் நாட்டுவதே உத்தமம். கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பின் பல வழக்குகள் தோன்றுமுன்பே ஒழியும்.