முதல் குழந்தைக்குப் பின் கருத்தடை: எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

பிரசவமான ஆறாவது வாரத்தில் பரிசோதனைக்கு வரும் தாய்மார்கள், தையல் ஆறிவிட்டதா, பால் போதுமா, குழந்தையின் எடை கூடியிருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். அடுத்த கருவைத் தள்ளிப்போடுவது பற்றி அவர்களாகவே கேட்பது அரிது. நாங்கள் கேட்டால், "இன்னும் மாதவிடாயே வரவில்லையே டாக்டர்" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும்.

இந்த விடையை நம்பி இருந்துவிட முடியாது. கருமுட்டை வெளிப்பட்டு, அது கருவுறாமற் போனால்தான் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து மாதவிடாய் வருகிறது. அதாவது, முதல் மாதவிடாய்க்கு முன்பே கரு தங்கிவிடக்கூடும். தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே கருமுட்டை வெளிப்பட வாய்ப்புண்டு.

ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாதங்களாவது இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய் இழந்த இரும்புச்சத்து மீண்டும் சேர இக்காலம் தேவை. இடைவெளி மிகக் குறைந்தால் குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கருப்பையில் உள்ள தழும்பு நன்கு உறுதிப்படுமுன் அடுத்த பிரசவ வலி வந்தால், அத்தழும்பு விட்டுப்போகும் ஆபத்து அதிகம். அது நேர்ந்தால் தாய், சேய் இருவர் உயிரும் நிமிடக் கணக்கில் ஆபத்துக்குள்ளாகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலமே நடந்துள்ளன. எனவே இது யாரோ சிலருக்கான எச்சரிக்கை அன்று.

இந்தியாவில் குடும்பநலத் திட்டம் தொடங்கியது 1952இல். அதன் சிவப்பு முக்கோணத்தை அறியாதவர் நம்மிடையே குறைவு. ஆயினும் நம் மாநிலத்தில் கருத்தடை என்றாலே இரண்டாவது குழந்தைக்குப் பின் பெண்ணுக்குச் செய்யும் அறுவை சிகிச்சை என்றே பொருள்கொள்ளப்படுகிறது. மேற்சொன்ன ஆய்விலும் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களே. குழந்தைகள் போதும் என முடிவு செய்தவர்களுக்கு அது பொருத்தமானதே. முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் இடைப்பட்ட ஆண்டுகள்தாம் எந்தப் பாதுகாப்பும் இன்றி விடப்படுகின்றன. இக்கட்டுரை அந்த ஆண்டுகளைப் பற்றியது.

"இருப்பதில் சிறந்தது எது?" என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல இயலாது. எத்தனை ஆண்டு இடைவெளி வேண்டும், தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, உங்களுக்கு வேறு நோய் உண்டா, எந்த மருந்து உட்கொள்கிறீர்கள் என்பவற்றைத் தெரிந்துகொண்ட பின்பே நாங்கள் ஒரு முறையைப் பரிந்துரைக்க முடியும். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயால் நாள்தோறும் ஒரே நேரத்தில் மாத்திரையை நினைவில் வைத்து விழுங்க முடியுமா என்பதும் மருத்துவக் கேள்விதான்.

தாய்ப்பால் தரும் பாதுகாப்பு

தாய்ப்பாலே ஒரு கருத்தடை என்பது உண்மை. ஆனால் மூன்று நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்கக்கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக்கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் 100 பெண்களில் 98 பேருக்குக் கரு தங்காது. பாட்டில் பால் ஒரு வேளை கொடுக்கத் தொடங்கினாலும், இரவில் நீண்ட நேரம் பாலூட்டாமல் விட்டாலும் இப்பாதுகாப்பு தளர்ந்துவிடும். வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் அதற்கு முன்பே மற்றொரு முறையைத் தொடங்கிவிட வேண்டும்.

காப்பர் டி

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ இடைவெளி விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துரைப்பது இதைத்தான். கருப்பைக்குள் வைக்கப்படும் இச்சிறு சாதனத்திலிருந்து கசியும் செம்பு, விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. தாய்ப்பாலை இது பாதிப்பதில்லை. ஓராண்டில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே தவறுகிறது. 375 என்னும் வகை 5 ஆண்டுகளுக்கும், 380ஏ என்னும் வகை 10 ஆண்டுகளுக்கும் பயன்படும். விரும்பும்போது எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் தன்மை உடனே திரும்பும்.

பிரசவமான 48 மணி நேரத்திற்குள், அல்லது சிசேரியன் செய்யும்போதே இதை வைத்துவிடலாம். அது தவறினால் ஆறு வாரங்கள் கழித்தே வைக்க வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் ஒப்புதல் கேட்பது முறையன்று என்பதால், கர்ப்பத்தின் ஏழாம் அல்லது எட்டாம் மாதத்திலேயே இதுபற்றிப் பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரசவத்தை ஒட்டி வைத்த காப்பர் டி தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

"அது வயிற்றில் ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாமே" என்று மாமியார்கள் கேட்பதுண்டு. கருப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது. மிக அரிதாக, வைக்கும் வேளையில் கருப்பைச் சுவரைத் துளைக்க நேரலாம். அதைக் கண்டறிந்து எடுக்க வழி உண்டு. 1965இல் 'லூப்' அறிமுகமான காலத்திலிருந்தே இத்தகைய கதைகள் வழிவழியாக வருகின்றன என எண்ணுகிறேன். உண்மையான தொல்லை வேறு: முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு உதிரப்போக்கும் வயிற்றுவலியும் சற்று மிகுதியாக இருக்கும். ஏற்கெனவே கடும் இரத்தசோகையும் அதிக உதிரப்போக்கும் உள்ளவர்களுக்கு ஹார்மோன் கொண்ட கருப்பைச் சாதனம் பொருத்தமானது. அது உதிரப்போக்கைக் குறைக்கும், விலை மட்டும் கூடுதல்.

ஊசியும் மாத்திரைகளும்

'அந்தரா' என்னும் ஊசியை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு வாரங்களுக்குப் பின் தொடங்கலாம். மாதவிடாய் முறை மாறும். சிலருக்கு நின்றே போகும். அதனால் 'கெட்ட இரத்தம்' உள்ளே தங்குவதில்லை. கருப்பையின் உட்சவ்வு வளராததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவே. ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகும். கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். அடுத்த குழந்தைக்கு நாள் குறித்திருப்பவர்கள் இதைக் கணக்கிற்கொள்ள வேண்டும்.

'சாயா' மாத்திரையில் ஹார்மோன் இல்லை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. முதல் மூன்று மாதங்கள் வாரத்துக்கு இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை உட்கொள்ள வேண்டும். பாலூட்டும் தாய்மார்களும் உட்கொள்ளலாம். கல்லீரல் நோயோ, சினைப்பை நீர்க்கட்டிகளோ உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

நாள்தோறும் விழுங்கும் 'மாலா-என்' போன்ற ஹார்மோன் மாத்திரைகள், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்கள் வேண்டாம். முறை தவறாமல் உட்கொண்டால் ஓராண்டில் 1000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தங்கும். ஆனால் மறதி இயல்பு என்பதால், நடைமுறையில் 100 பேரில் 7 பேருக்குத் தங்கிவிடுகிறது. ஆணுறைக்கும் இவ்வாறே: சரியாகப் பயன்படுத்தினால் 100க்கு 2, நடைமுறையில் 13. எனினும் பால்வினை நோய்களிலிருந்தும் காப்பது ஆணுறை ஒன்றே.

மருந்துச் சீட்டைக் கொண்டு வாருங்கள்

உயர் இரத்த அழுத்தம், கால் நரம்பில் இரத்தம் உறைந்த வரலாறு, கண்ணில் ஒளிக்கீற்றுகள் தோன்றிப் பின் வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளவர்களுக்கு மாலா-என் வகை மாத்திரைகள் பக்கவாதம், இரத்தக்கட்டி போன்றவற்றை வரவழைக்கலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவையும் அம்மாத்திரையின் ஆற்றலைக் குறைத்துவிடும். இவர்களுக்குக் காப்பர் டி அல்லது ஊசி பொருந்தும். இதய வால்வு சுருக்கம் உள்ள பெண்ணுக்கு, எதிர்பாராத கர்ப்பமே எந்தக் கருத்தடை முறையையும்விடப் பெரிய ஆபத்து. அவர்கள் இதய மருத்துவரையும் எங்களையும் சேர்த்தே கலந்தாலோசிக்க வேண்டும்.

கணவர்மாருக்கு ஒரு சொல்

ஒரு குழந்தையே போதும் என இருவரும் உறுதியாக இருந்தால், அக்குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியபின் நிரந்தர முறையை நாடலாம். ஆண்களுக்கான தழும்பில்லா வாசக்டமி, கத்தியும் தையலும் இன்றிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்ணுக்குச் செய்வதைவிட எளியது. ஆண்மை குறையாது, ஆண் ஹார்மோன் முன்போலவே சுரக்கும். சில நாள் பாரம் தூக்காமலிருந்தால் போதும். ஆனால் பாதுகாப்பு உடனே கிடைக்காது: மூன்று மாதங்கள் வேறு முறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என உறுதியான பின்பே அதை நம்பலாம். இவ்வளவு எளிதாக இருந்தும் இதை நாடி வரும் ஆண்கள் மிகச் சிலரே. ஆணுக்கோ பெண்ணுக்கோ, செய்ததை மீண்டும் இணைத்தால் குழந்தை பிறக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. சிறிது ஐயம் இருந்தாலும் காப்பர் டியே மேல்.

பாதுகாப்பின்றி உறவு நேர்ந்துவிட்டால், அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு பலன். நம் மாநிலத்தின் மருந்துக் கடைகள் பலவற்றில் அது கிடைப்பதில்லை. காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி வைத்துக்கொள்வது அம்மாத்திரையைவிடப் பலனுள்ளது.

எந்த முறையில் இருந்தாலும் மாதவிடாய் தள்ளிப்போய்க் கரு தங்கியிருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், கடையில் மருந்து வாங்கிக் கலைக்க முயலாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அம்முயற்சி உயிருக்கே ஆபத்தாகும். கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை மருத்துவர் மூலம் கலைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. காப்பர் டி வைத்தவர்களுக்குக் கடும் அடிவயிற்று வலி, காய்ச்சலுடன் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், சாதனத்தின் நூல் தட்டுப்படாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மகப்பேறு புறநோயாளிப் பிரிவுக்கு வர வேண்டும்.