உழவரை உயர்த்திய கல்வி

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று கேள்வியுற்றால், ஊர்ப் பெரியோர் மகிழ்ந்து, "இவன் இனி ஏர் பிடிக்க வேண்டியதில்லை" என்று கூறுவர். பிள்ளையின் நலம் கருதி அன்பினால் எழும் சொல் அது. ஆயினும் அச்சொல்லினுள் ஒரு வினாவும் அடங்கியுள்ளது. கற்றவரெல்லாம் ஊரை விட்டு நீங்கிவிட்டால், ஊரின் நிலை யாதாகும்? கல்வி உழவரை உழவினின்றும் பிரித்துத்தான் ஆக வேண்டுமா? இவ்வினாவிற்கு ஐரோப்பாவின் வடபகுதியிலுள்ள டென்மார்க் என்னும் சிறு நாடு விடை காண முயன்றது. அம்முயற்சியின் வரலாறு நாம் அறியத் தக்கது.

டென்மார்க் தமிழர்க்கு முற்றிலும் புதிய நாடன்று. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் அந்நாட்டு வணிகரே. அதன் பரப்பு தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகை ஏறக்குறைய 60 இலட்சம். அங்கு ஓங்கிய மலைகள் இல்லை; மிக உயர்ந்த இடமும் 171 மீட்டரைத் தாண்டாது.

அந்நாட்டு உழவர் ஒரு காலத்தில் பெரிதும் தாழ்வுற்றிருந்தனர். குடியானவர் குலத்து ஆண்மக்கள் நிலக்கிழாரின் இசைவின்றித் தாம் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறுதல் கூடாது என்பது சட்டம். 1788-இல் அக்கட்டு நீக்கப்பெற்றது. 1814-இல் சிறுவர் அனைவரும் ஏழாண்டுகள் கல்வி பெற வேண்டுமென்று அரசு விதித்தது. எனினும், எழுத்தறிந்த உழவனும் கற்றோர் அவையில் வாய் திறக்க அஞ்சினான். உயர்கல்வி இலத்தீன் மொழியிலும் பழைய நூல்களிலும் கட்டுண்டு கிடந்தமையே அதற்குக் காரணமாகும்.

இந்நிலையை மாற்ற எண்ணியவர் குருண்ட்விக் என்னும் அறிஞர். 1783 முதல் 1872 வரை வாழ்ந்த அவர் சமய போதகர், கவிஞர், வரலாற்று ஆசிரியர். உயிரற்ற எழுத்தை உருப்போடும் கல்வியை அவர் வெறுத்தார். தாய்மொழியில், ஆசிரியரின் வாய்மொழியாக வரும் உயிருள்ள சொல்லே உள்ளத்தை எழுப்பும் என்றார். உழவரின் பிள்ளைகள் வளர்ந்து இளைஞரான பின், நாட்டின் வரலாற்றையும் இலக்கியத்தையும் சட்டத்தையும் தம் மொழியிலேயே கற்பதற்குப் பள்ளிகள் வேண்டுமென்று வற்புறுத்தினார். அவர் கருத்தைத் தழுவிய முதல் மக்கள் உயர்நிலைப் பள்ளி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே டென்மார்க் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டது.

அப்பள்ளிகளின் முறை விந்தையானது. அறுவடை முடிந்து வேலை குறைந்த குளிர்காலத்தில் ஏறக்குறைய ஐந்து திங்கள் ஆடவர் கற்பர். கோடையில் மூன்று திங்கள் பெண்டிர் கற்பர். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் உறைந்து, ஒன்றாக உண்டு, ஒன்றாகப் பாடுவர். தேர்வு இல்லை; சான்றிதழும் இல்லை. காலம் முடிந்ததும் அவர்கள் தத்தம் வயலுக்கே திரும்புவர். செருப்புத் தைப்பவரின் மகனாகிய கிறிஸ்டன் கோல்ட் 1851-இல் இத்தகைய பள்ளி ஒன்றைத் தொடங்கிச் சிறந்த ஆசிரியரெனப் புகழ் பெற்றார்.

1864-இல் பெருந்துன்பம் நேர்ந்தது. பிரஷியாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் டென்மார்க் தோற்றுப் பரந்த நிலப்பகுதியை இழந்தது. ரோடிங் ஊரும் பகைவர் வசமாயிற்று. ஆசிரியர்கள் மனந்தளராது புதிய எல்லைக்கு வடக்கே அஸ்கோவ் என்னும் ஊரில் 1865-இல் மீண்டும் பள்ளியை நிறுவினர். வெளியே இழந்ததை உள்ளே ஈடு செய்வோம் என்னும் உறுதி மக்களிடையே பரவவே, பள்ளிகள் பல்கிப் பெருகின.

அடுத்து மற்றோர் இடர் வந்தது. அமெரிக்காவிலிருந்தும் ருசியாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தமையால், உழவர் விளைத்த தானியத்தின் விலை வீழ்ந்தது. டென்மார்க்கு உழவர் கால்நடை வளர்ப்பில் கருத்தைச் செலுத்தினர். 1882-இல் யெடிங் என்னும் ஊரில் அவர்கள் கூடிக் கூட்டுறவுப் பால் பண்ணையைத் தொடங்கினர். ஒருவர் நான்கு பசு வைத்திருப்பினும் நாற்பது பசு வைத்திருப்பினும் அவருக்கு ஒரே வாக்கு. ஊதியமோ கொடுத்த பாலுக்குத் தக்கபடி. இருபது ஆண்டுகளுள் இத்தகைய பண்ணைகள் ஆயிரத்துக்கு மேல் எழுந்தன. அவர்தம் வெண்ணெய் இங்கிலாந்துச் சந்தையில் நற்பெயர் பெற்றது. முன்பின் அறியாதவரோடு ஒன்று கூடவும், கணக்குக் காட்டவும், அவையில் அச்சமின்றிப் பேசவும் மக்கள் பள்ளிகள் உழவரைப் பழக்கியிருந்தமை இவ்வெற்றிக்குத் துணை செய்தது என்பர் அறிஞர்.

இவ்வுயர்வு எல்லார்க்கும் ஒருங்கே கிட்டியதென்று கருதுதல் கூடாது. நிலமும் பசுவும் இல்லாத கூலியாட்கள் வறுமையிலேயே உழன்றனர். அஸ்கோவ்ப் பள்ளியில் பயின்ற மார்ட்டின் ஆன்டர்சன் நெக்சோ, 'வெற்றி வீரன் பெல்லே' என்னும் தம் நாவலில் அவர்களுடைய வாழ்வைத் தீட்டினார். 1906 முதல் 1910 வரை நான்கு பாகங்களாக வெளிவந்த அந்நூல், பிழைப்புத் தேடி வந்து பெரும்பண்ணை ஒன்றில் மாடு மேய்க்கும் தந்தையையும் மகனையும் நம் கண்முன் நிறுத்துகின்றது. தம் நாட்டின் குறையை மறையாது உரைக்கும் எழுத்தாளரும் அப்பள்ளியிலிருந்தே தோன்றியது அதற்குப் பெருமையாகும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, டென்மார்க்கின் மக்கள் பள்ளிகளை எடுத்துக்காட்டிச் சிற்றூர்களுக்கெனத் தனி உயர்கல்வி வேண்டுமென்று கூறியது. அதன்பின் 1956-இல் இந்திய அரசின் ஆதரவில் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் அமைந்தது. மற்றொன்று கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில், தி. சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயத்தில் அமைந்தது. குருண்ட்விக்கைப் போலவே அவினாசிலிங்கமும் தாய்மொழிப் பற்று மிக்கவர். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவிக் கலைக்களஞ்சியம் வெளிவர வழி செய்தவர் அவரே.

இந்நிலையங்களில் பயின்றோர்க்கு மூன்றாண்டுக் கிராமப் பணிப் பட்டயம் வழங்கப்பெற்றது. சான்றிதழ் இல்லாத கல்வியை நம் நாட்டில் பெற்றோர் ஏற்பது அரிது. அரும்பாடுபட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஏழை உழவர், படிப்பினால் வேலை கிடைக்க வேண்டுமென்று விரும்புவதில் தவறென்ன? நாளடைவில் அந்நிலையங்களுள் பல, பிற கல்லூரிகளைப் போலவே பட்டம் வழங்கலாயின. பெரியநாயக்கன்பாளையத்திலும் இன்று கலை அறிவியல் கல்லூரி நடைபெறுகின்றது. ஒரு நாட்டின் கல்வி முறையை மற்றொரு நாட்டில் அவ்வாறே நாட்டுதல் எளிதன்று என்பது இதனால் புலனாகும்.

எனினும் அதன் உட்கருத்து நம்மிடையே வேரூன்ற இடமுண்டு. காலையும் மாலையும் பாலை அளந்து வாங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் கொங்கு நாட்டு ஊர்களில் நடைபெறுகின்றன. யெடிங் ஊரார் அன்று கைக்கொண்ட நெறியே இவற்றிற்கும் அடிப்படை. பாலின் தரத்தை அளக்கவும், கணக்கைப் படித்துப் பார்க்கவும், பொதுக்குழுவில் எழுந்து வினவவும் வல்ல உறுப்பினர் இருந்தாலன்றிச் சங்கம் செழிக்காது.

மற்றொரு சான்றும் உண்டு. அஸ்கோவ்ப் பள்ளியின் ஆசிரியராகிய பவுல் லா கூர், சிற்றூர்களும் மின்சாரப் பயனை எய்த வேண்டுமென்று எண்ணி, 1891-இல் அங்குக் காற்றாலை அமைத்து மின்சாரம் எடுத்தார். பின்னர் ஊர்ப்புற இளைஞர்க்கு மின்பணியும் கற்பித்தார். இன்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டு பல்லடம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் எண்ணற்ற காற்றாலைகள் சுழலுகின்றன. மின்சாரம் தரும் காற்றாலைக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் என்பதை, அவ்வழிச் செல்லும் மாணவர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

கற்றவர் அனைவரும் ஊரிலேயே தங்க வேண்டுமென்று எவரும் கட்டளையிட இயலாது. அங்ஙனம் கட்டியிருந்த தளையைத்தானே டென்மார்க்கு உழவர் 1788-இல் அறுத்தெறிந்தனர்! போகவும் இருக்கவும் உரிமை பெற்ற ஒருவன், தானே விரும்பி ஊரில் இருந்து, ஏர் பிடிப்பதைத் தாழ்வென்று கருதாமல் வாழ்வானாயின், அவன் கற்ற கல்வி அவனுக்கும் ஊருக்கும் ஒருங்கே பயன் தரும். அத்தகைய விருப்பத்தை எழுப்புவதே உழவரை உயர்த்தும் கல்வியாகும்.