கச்சானும் மாரியும்: திருகோணமலையில் குழந்தையின் அணையாடை

திருகோணமலை நகரிலும், கொட்டியாரக் குடாவை அண்டிய மூதூர், கிண்ணியா ஊர்களிலும், பிள்ளை பிறந்த வீட்டுக் கொடியில் நாடா வைத்துத் தைத்த நாப்பிகளும் பழைய பருத்திச் சீலைத் துண்டுகளும் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே அலுமாரியில் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாயினும் 'பம்பஸ்' என்றே கேட்டு வாங்கப்படும் ஒருமுறை அணையாடையும் இருப்பது வழமையாகிவிட்டது. இரண்டில் எது சிறந்தது என்பதற்கு ஊரையும் பருவத்தையும் பாராமல் விடை தேடுவது வீண்.

பம்பஸின் உள்ளே மரக்கூழுடன் கலந்திருப்பது சோடியம் பொலியக்ரிலேற்று என்னும் வெண்பொடியாகும். தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் இப்பொடி, நனைந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், வெந்த சவ்வரிசியைப் போன்ற வழுவழுப்பான மணிகளாகத் தென்படும். சிறுநீரிலுள்ள உப்பு உறிஞ்சும் திறனைக் குறைப்பதால் வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்த்த அளவு நடைமுறையில் கிடைப்பதில்லையெனினும், ஈரம் தோலைவிட்டு விலகி நிற்கிறது. துணியில் அந்த வசதி இல்லையாதலால், நனைந்ததும் மாற்றாவிட்டால், ஈரத்தில் ஊறிய தோலை மலத்திலுள்ள நொதிகள், அதாவது உணவைச் செரிக்கச்செய்யும் பொருள்கள், அரித்துச் செந்தடிப்பை உண்டாக்கும். 'இன்னும் நிரம்பவில்லை' என்று அரைநாள் பம்பஸுடன் விடப்படும் பிள்ளைக்கும் இதே கதிதான்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் ஒருமுறை அணையாடைகளால் ஏறத்தாழ 550 கிலோகிராமும் துணியால் 570 கிலோகிராமும் காபனீரொட்சைட்டுக்கு ஈடான வாயுக்கள் வெளியாவதாக மதிப்பிட்டது. துணியின் கணக்கை ஏற்றியது துவைப்பதற்கும் உலர்த்துவதற்கும் செலவாகும் மின்சாரம். கொடியில் உலர்த்தி, இயந்திரம் நிறையத் துவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அவற்றையே பயன்படுத்தினால் சுமார் 200 கிலோகிராம் குறையுமென அவ்வாய்வே காட்டுகிறது. கச்சான் காற்று வீசும் கோடையில் காலையில் போட்ட துணி மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும் திருகோணமலையில் இந்தச் சலுகை செலவின்றியே கிடைக்கிறது. ஆனால் கிணற்று நீர் கீழே போவதும் அதே மாதங்களில்தான் என்பதால், நாளாந்தம் துணி அலசுவதற்கு நீர் இறைப்பவரின் உழைப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும், அந்த உழைப்பு பெரும்பாலும் தாயினதோ அம்மம்மாவினதோ ஆகும்.

உழைப்பைப்போல விலையும் தெரிவை மாற்றும்: 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியபோது பம்பஸின் விலையும் ஏற, பல குடும்பங்கள் துணிக்கே திரும்பின.

ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரியிலோ, துணி இரண்டு நாள் கிடந்தாலும் நாடா தைத்த மடிப்பில் ஈரம் தங்கி முடைநாற்றம் வீசும். அதைக் கட்டுவதைவிடப் பம்பஸ் மேல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மலத்தைக் கழிவறையில் கொட்டிவிட்டுச் சுற்றி வைத்து, கழிவு சேகரிக்கும் வண்டியில் ஒப்படைப்பவர்கள் குறைவு. வளவில் எரித்தால் ஈரக் கூழ் எரியாமல் வெளியுறையின் பிளாஸ்டிக் மட்டும் புகைகிறது. வாய்க்காலில் எறிந்தால், பம்பஸ் மிகுதியாகத் தேவைப்படும் அந்த மாரியின் வெள்ளமே அதைக் குடாவுக்கு அடித்துச் செல்கிறது.