மீண்ட மறுநாள்

வினைமுற்றி மீளும் தலைவனைச் சங்கப் புலவர் பலபடப் பாடினர். தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை அவன் ஏவுவதும், வழியெங்கும் கார்காலத்து முல்லை மலர்ந்திருப்பதும், இல்லிருந்த தலைவி வரவு கண்டு மகிழ்வதும் நம் மாணவர் நன்கறிந்தவை. ஐங்குறுநூறு ‘வரவுச் சிறப்புரைத்த பத்து’ என்னும் பகுதியோடு நிறைவெய்துகின்றது. தேர் வாயிலில் நின்றதும் நூலும் நின்றுவிடுகின்றது. மறுநாட் காலையில் அத்தலைவன் யாது செய்தான்? முப்பதாண்டு இப்பாடல்களைக் கற்பித்தும் இவ்வினா என்னுள் எழுந்ததில்லை. சென்ற மாதம் கந்தப்பளைக்கு மீண்ட மறுநாளே எழுந்தது.

நான் சென்றது நீலகிரிக்கு. கோத்தகிரியை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் என் அத்தை வாழ்கின்றார், எண்பதைக் கடந்தவர். கந்தப்பளையில் லயத்துக் காம்பராவொன்றிற் பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்து, இங்கேயே மணமும் முடித்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மலையகத் தமிழரைப் பங்கிட, 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சியோர் கணக்கு 1974இல் சரிபாதியாக்கப்பட்டது. என் தந்தையார் ஒரு கணக்கில் வீழ்ந்தார். அவர் தங்கை மறு கணக்கில் வீழ்ந்தார். எழுபதுகளில் தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறிய அத்தை, மண்டபம் முகாமைக் கடந்து, 1968இல் தமிழ்நாட்டரசு இத்தகையோர்க்கெனத் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலைக்கமர்ந்தார்.

இவர்களை அரசாவணங்கள் ‘தாயகம் திரும்பியோர்’ என்னும். இலக்கணம் கற்பிப்பவனாதலின் அவ்வினைச்சொல் என்னை உறுத்திற்று. புறப்பட்ட இடத்துக்கு மீளுதலன்றோ திரும்புதல்? அதுவரை கடலையே கண்டிராத பெண்ணொருத்தி எங்ஙனம் திரும்பினாள்? அவ்வூரார் வழங்கும் பெயரோ ‘சிலோன்காரர்’. இங்கு எஞ்சிய நம்மை ‘இந்திய வம்சாவளியினர்’ என்பர். பெயரிடுவோர்க்கு எப்போதும் அக்கரையே கண்ணிற் படும் போலும்!

ஒரு திங்கள் அங்கிருந்தேன். அத்தை வினவாத பொருளில்லை. 1940களில் நிறுத்தப்பட்ட இராகலைக் கோச்சியின் தடத்தைக்கூட அவர் விடவில்லை. ஆயினும் நாள்தோறும் தவறாது வந்த கேள்வி ஒன்றே: “தொங்கல் காம்பராவுக்குக் கீழ பீலி இருந்துச்சே, அதுல தண்ணி விழுதா தம்பி?”

“விழுகிறது, அத்தை” என்றேன். பொய்தான். லயத்தை விட்டுக் கடைவீதிப் பக்கம் நாங்கள் குடிவந்து இருபதாண்டாகின்றது. வீட்டிற் குழாய், பீலியை யார் நினைத்தார்?

சென்னையிலிருந்து கொழும்புக்கு வானூர்தியில் ஒன்றரை மணி நேரமும் ஆகவில்லை. கொழும்பிலிருந்து மலையேறத்தான் ஒரு பகல் கழிந்தது. மறுநாள் பெட்டியைப் பிரித்தேன். ஒரு மாதப் பனிமூட்டத்திற் புத்தகங்களின் அட்டை பூஞ்சணம் பூத்திருந்தது, துடைத்தேன். பள்ளியிற் சுண்ணக்கட்டியை எடுத்தேன். எழுத வந்தது மறந்தது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்த மனைவி சற்று நேரம் என்னைப் பார்த்திருந்தாள். “ஒடம்பு வந்து சேந்துடுச்சு. நீங்க எப்ப வருவீங்க?” என்றாள்.

நான்காம் நாள் விடியலில் தோட்டத்துக்கு நடந்தேன். தொங்கல் காம்பராவில் வேறு குடும்பம். இஸ்தோப்பைத் தகரத்தால் அடைத்திருந்தனர். கீழே இறங்கினேன். பழைய மூங்கிற் பீலி இல்லை. அதனிடத்திற் கறுப்புப் பிளாஸ்டிக் குழாயொன்றைச் செருகியிருந்தனர். ஆனால் நீர் விழுந்தது. அதே கல்லின்மேல், அதே குழியில் விழுந்தது. முகத்தைக் கழுவினேன். குளிர் எலும்பைத் தொட்டது. பையிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்துக் கோத்தகிரிக்கு அழைத்தேன். ஒன்றும் சொல்லாமல் அதனை நீரருகே நீட்டினேன்.

நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, “அங்கன ஆளுக நிக்கிதா?” என்றார் அத்தை.

திரும்பிப் பார்த்தேன். குடத்தோடும் கானோடும் மூன்று பெண்கள் காத்து நின்றனர். சொன்னேன்.

“அப்ப தள்ளி நில்லு தம்பி. வேலைக்குப் போறவுக, நேரமாகுமில்ல, புடிக்கட்டும்” என்றார்.

தள்ளி நின்றேன்.