பழைய துப்பாக்கி உண்மை சொல்லுமா?



நம்ம நீலகிரிக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நிறையவே இருக்கு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் உள்ளது. அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை உள்ளது. கார்டைட் என்பது தோட்டாவுக்குள் எரியும் மருந்து. பார்ப்பதற்கு சேமியா போல நீளநீளமாக இருக்கும். அந்த மருந்தில் சுட்டதுதான் பெரியவர்கள் சொல்லும் 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கி.

அதன் சரியான பெயர் லீ என்ஃபீல்ட். லீ என்பவர் அதன் போல்ட் அமைப்பை உருவாக்கியவர். என்ஃபீல்ட் என்பது லண்டன் பக்கம் தொழிற்சாலை இருந்த ஊர். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது சுமார் 7.7 மில்லிமீட்டர். அதனால்தான் அந்தப் பெயர். எடை ஏறக்குறைய 4 கிலோ. ஒரே நேரத்தில் 10 தோட்டா போடலாம். 1907-ல் வந்த மாடல் இரண்டு உலகப் போரிலும் இருந்தது. நம் நாட்டில் கொல்கத்தா அருகே இஷாப்பூரில் செய்தார்கள். உத்தரப் பிரதேச போலீசார் 2020 குடியரசு தினத்தில்தான் இதற்கு விடை கொடுத்தார்கள்.

இப்போது இவை மியூசியங்களில் இருக்கின்றன. அங்கே வைக்கும் முன் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஒன்று, நல்ல நிலையில் இருக்கா? இரண்டு, அசலா? இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறோம். இல்லவே இல்லை! எப்படிப் பார்ப்பது என்று ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமா சொல்லித் தந்தார். அதோடு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. எழுத்தைப் படி
கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில், வலது பக்கம், கிரீடம், தொழிற்சாலைப் பெயர், வருஷம் எல்லாம் குத்தியிருக்கும். வரலாறு பாடம் இங்கேதான் உதவும். பெஷாவர் பக்கம் தர்ரா என்ற ஊரில் கைவேலைக்காரர்கள் இதே போலச் செய்து, முத்திரையும் குத்துவார்கள். ஆங்கிலம் தெரியாததால் சிலதில் எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும். விக்டோரியா ராணி 1901-லேயே இறந்துவிட்டார். அவர் முத்திரையோடு 1910 என்று செய்த வருஷம் போட்டிருந்தால்? மாட்டிக்கிட்டாங்க!

2. எண்ணை ஒப்பிடு
உடல் பகுதியிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்கணும். இது அழகுக்காக இல்லை. போல்ட் அந்த உடலுக்கு என்றே பொருத்தப்பட்டது. வேறு போல்ட் போட்டு இடைவெளி அதிகமானால் தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து, சுடுபவர் முகத்துக்கே ஆபத்து வரலாம். சிலதில் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது எண் குத்தியிருக்கும். அது திருட்டு வேலை என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. ராணுவப் பட்டறையில் ரிப்பேர் பார்த்த அடையாளமாகவும் இருக்கும்.

3. கட்டையைத் தடவிப் பார்
கீறல், பள்ளம் இருந்தால் பரவாயில்லை. மரம் இரும்பை விடத் தாழ்ந்து, ஓரம் மழுங்கி, மரத்தில் குத்திய முத்திரை மங்கியிருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இஷாப்பூரில் சில துப்பாக்கிகளின் முன் கட்டையில் குறுக்காக ஒரு திருகு போட்டார்கள், மரம் பிளக்காமல் இருக்க. அதைப் பார்த்து 'ஒட்டுப்போட்டது' என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அதுதான் இந்தியத் துப்பாக்கி என்பதற்குச் சாட்சி.

4. குழலுக்குள் பார்
உள்ளே சுருள் சுருளாக 5 வரி ஓடும். அது கூர்மையாகத் தெரிந்தால் நல்ல நிலை. சின்னச் சின்னக் குழி இருந்தால் துரு தின்றிருக்கிறது. காரணம் நம் வேதியியல்தான். அந்தக் காலத் தோட்டாவின் நெருப்புப் பொட்டில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்த பிறகு உப்பு தங்கும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டு வரும். எண்ணெய் போட்டால் மட்டும் உப்பு போகாது. அதனால் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம் எண்ணெய் போடுவார்கள். நம்ம ஊர் பனியில் ஒரு நாள் மறந்தாலும் போச்சு!

5. நிறத்தை நம்பாதே
துருக் குழிக்கு உள்ளேயும் கருப்பு நிறம் பளபளன்னு இருந்தால், துரு பிடித்த பிறகு பூசியது என்று கண்டுபிடிக்கலாம்.

இதெல்லாம் பார்த்தபின் நான் புரிந்துகொண்டது இதுதான். அசல் என்றால் புதுசு என்று அர்த்தம் இல்லை. கடைசியாக அதைத் தூக்கிய சிப்பாய் எப்படி விட்டுப் போனாரோ, அப்படியே இருப்பதுதான் அசல். ஆயுத பூஜைக்கு நாம் அரிவாள், கத்தி எல்லாம் புளி போட்டுத் தேய்க்கிறோம். அது சரிதான், நாளைக்கு வேலை செய்யும் பொருள். ஆனால் வேலை முடிந்த பொருள் சாட்சி. சாட்சியைத் தேய்த்தால் பேசாது. போருக்குப் போன எத்தனையோ தமிழ்ச் சிப்பாய்களுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. கட்டையில் உள்ள கீறல் மட்டும் இருக்கிறது. அதையும் பாலிஷ் போட்டு அழித்தால், அவர் இருந்ததற்கு என்ன அடையாளம்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ஆனால் தந்தத்தைச் சீவிவிட்டால் இல்லை.

முக்கியக் குறிப்பு: பழைய துப்பாக்கியோ தோட்டாவோ எங்காவது கிடந்தால் தொடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆசிரியரிடமோ போலீசிடமோ சொல்லுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி