ஜிலேபிக் கெண்டையும் குளிரும்

நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை என வழங்கும் மீன் இந்நாட்டிற்குரியதன்று. 1952-ஆம் ஆண்டில் பாங்காக்கிலிருந்து மண்டபத்திற்குக் கொணரப்பெற்றது. இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் கீழைக் கரையாகும். ஜாம்பசி நதியின் கீழ்ப்பகுதி முதல் தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஆறு வரை இது இயற்கையாகவே வாழ்கிறது.

தெற்கே செல்லச் செல்லக் குளிர் மிகும். அங்கே இம்மீன் உள்நாட்டு ஆறுகளை விடுத்துக் கரையோரக் காயல்களிலும் கழிமுகங்களிலுமே மிகுதியாகக் காணப்படும். காரணம் யாது? நன்னீரில் வாழும் மீனின் உடலினுள் நீர் ஓயாது புகும். உப்பு கசிந்து வெளியேறும். செவுள்களும் சிறுநீரகமும் உழைத்து இதனைச் சரிசெய்கின்றன. நீரின் வெப்பம் 11 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் குறைந்தால் அவ்வுழைப்புத் தளர்கிறது. இரத்தத்தில் உப்பு குன்றி, மீன் மயங்கிச் சாய்கிறது. லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள நீரிலோ அதே குளிரைத் தாங்கிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் இதனை 1971-இல் எடுத்துக்காட்டினர்.

இதனால் அங்கத்தினர் அறியவேண்டுவன இரண்டு. உயர்ந்த மலைப்பகுதிக் குளங்களில் இம்மீனை நம்பி முதலிடுதல் தகாது. கடுங்குளிர் சில நாள் நீடிப்பின் இட்ட முதல் போய்விடும். சமவெளியிலோ குளிர் என்னும் தடை இல்லை. தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் இனம் விரைந்து பெருகும். குளம் நெருக்குண்டு, மீன்கள் சிறுத்து, விலை போகா. ஆகவே அவ்வப்போது வலையிட்டுக் குஞ்சுகளைக் குறைத்திடுக. ஏரிகளிலும் ஆறுகளிலும் விடுதல் வேண்டா. அங்கே நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் இது பறித்துக்கொள்ளும்.